தனியாக ஆட்டோமேஷன் வேலை எடுத்துச் செய்பவர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) புரோகிராம் எழுதுபவர், ஸ்காடா (ஆலையைக் கண்காணித்து இயக்கும் மென்பொருள்) திரை அமைப்பவர், டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கமிஷன் செய்பவர், கட்டுப்பாட்டுப் பேனல் கட்டித் தருபவர், ரோபோ செல் நிறுவுபவர் என்று சொந்தப் பொறுப்பில் வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்காக எழுதியது இது. காப்பீட்டுச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், பாலிசியின் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் நம் தொழிலில் ஓட்டை விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றேதான். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

நான் ஒரே ஆள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். எனக்கு எதற்குக் காப்பீடு?

நீங்கள் வாங்கும் கூலிக்கும் உங்கள் கையால் நேரக்கூடிய நஷ்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான். ஒரு டைமரின் மதிப்பை மாற்ற அரை மணி நேரம் போதும், அதற்கு அரை மணி நேரக் கூலிதான் வரும். அந்த மாற்றத்தால் வால்வு திறப்பதற்கு முன்பே பம்ப் ஓடத் தொடங்கினால் குழாய் வெடிக்கலாம், பக்கத்தில் நின்ற ஆள் மேல் கொதிநீர் தெறிக்கலாம், ஒரு பேட்ச் முழுக்க வீணாகலாம்.

இன்னொன்று, நம் வேலையில் தவறு உடனே வெளியே தெரியாது. கமிஷனிங் அன்று, அதாவது முதன்முறை ஓட்டிக் காட்டும் நாளில், எல்லாம் அழகாக ஓடும். மின்சாரம் போய்த் திரும்பும்போது மட்டும், அல்லது ஒரு சென்சார் பழுதாகும்போது மட்டும் அந்தப் பிழை தலைகாட்டும். அதற்குள் நீங்கள் வேறு ஆலையில் வேறு வேலையில் இருப்பீர்கள்.

தவறு உங்களுடையதாக இல்லாவிட்டாலும் செலவு உண்டு. "என் புரோகிராம் காரணமில்லை" என்று நிரூபிக்க வக்கீல் வேண்டும், லாஜிக்கை (புரோகிராமின் கட்டளை வரிசையை)ப் படித்துச் சொல்லத் தனி நிபுணர் வேண்டும். நல்ல பொறுப்புக் காப்பீடு இந்தச் செலவையும் ஏற்கும். தனி ஆளாக இருப்பவருக்கு, தவறே செய்யாத நிலையில் கைகொடுப்பது இந்தப் பகுதிதான்.

பொதுப் பொறுப்புக் காப்பீடு ஏற்கெனவே வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது, ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

பொதுப் பொறுப்புப் பாலிசி இரண்டே விஷயங்களைக் கேட்கும். யாருக்காவது காயமோ உயிரிழப்போ நேர்ந்ததா? அடுத்தவர் பொருள் ஏதாவது சேதமானதா? இரண்டும் இல்லை என்றால் அது வாய் திறக்காது. தொழில்முறைப் பொறுப்புப் பாலிசி என்பது வேறு. உங்கள் வடிவமைப்பில், கணக்கில், புரோகிராமில், ஆலோசனையில் நேர்ந்த பிழையால் வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட பண நஷ்டத்தைப் பார்ப்பது அது.

ஒரு தொட்டியில் 0 முதல் 10 மீட்டர் வரை அளக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னல். அந்த சிக்னலை மீட்டராக மாற்றும் ஸ்கேலிங் போடும்போது கை தவறி 0 முதல் 8 மீட்டர் என்று போட்டுவிட்டீர்கள். உண்மையில் 9 மீட்டர் நிரம்பியிருக்கும்போது திரையில் 7.2 என்று காட்டும். ஒரே ஒரு எண், ஆனால் முடிவு பலவிதமாக வரலாம். தொட்டி வழிந்து ஒருவர் மேல் பட்டால் அது காயம். கீழே இருந்த மோட்டார்கள் நனைந்து எரிந்தால் அது பொருள் சேதம். வழியவே இல்லை, ஆனால் கலவை விகிதம் மாறித் தரப் பரிசோதனையில் சரக்கு நிராகரிக்கப்பட்டால், அது சேதமா பண நஷ்டமா என்று வாதாடவே இடமுண்டு. ஆப்பரேட்டர் ஒருவர் கண்டுபிடித்துவிட, எல்லா அளவுகளையும் மறுபடி சரிபார்க்க ஆலையை இரண்டு நாள் நிறுத்தினால், அது சுத்தமான பண நஷ்டம். முதல் இரண்டுக்கும் பொதுப் பொறுப்பு, கடைசிக்குத் தொழில்முறைப் பொறுப்பு. மூன்றாவதற்கு இரண்டு பாலிசியும் தேவைப்படலாம்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. பொறியியல் வேலை செய்பவர்களுக்குத் தரும் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பலவற்றில் "தொழில்முறைச் சேவையால் விளைந்தவை நீங்கலாக" என்று ஒரு விலக்கு இருக்கும். அது இருந்தால், காயம் பட்டது உண்மையாக இருந்தாலும், "காரணம் வடிவமைப்புப் பிழைதானே" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அப்படியானால் தொழில்முறைப் பொறுப்புப் பாலிசி ஒன்றையும் சேர்த்துவிட்டால் முடிந்ததா?

எந்த மாதிரிப் பாலிசி என்று பார்க்க வேண்டும். நான் முதலில் சொன்ன ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

சந்தையில் "தொழில்நுட்பப் பிழைகள்" என்ற பெயரில் வரும் பாலிசிகள் பல, அலுவலக மென்பொருள் எழுதுபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கணக்கு மென்பொருள் தவறாக ஓடினால் யாருக்கும் கை நசுங்காது. அதனால் அவற்றில் உடல் காயத்தையும் பொருள் சேதத்தையும் முழுவதுமாக விலக்கியிருப்பார்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுப் பொறுப்புப் பாலிசி "தொழில்முறைப் பிழை எங்களுக்கு வேண்டாம்" என்கிறது. தொழில்நுட்பப் பாலிசி "காயம் எங்களுக்கு வேண்டாம்" என்கிறது. புரோகிராம் பிழையால் ஒருவர் காயப்படுவது, அதாவது நம் தொழிலின் மிக மோசமான விபத்து, இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் பிரீமியம் கட்டியிருப்பீர்கள், ஒன்றும் உதவாது.

எனவே ஏஜென்டிடமோ புரோக்கரிடமோ இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "நான் எழுதிய கட்டுப்பாட்டு லாஜிக்கில் உள்ள பிழையால் ஓர் ஆப்பரேட்டர் காயப்பட்டால், எந்தப் பாலிசியின் எந்தப் பிரிவு பதில் சொல்லும்?" பதிலும் எழுத்தில் வர வேண்டும். பதில் இழுபறியாக இருந்தால், பொதுப் பாலிசியில் தொழில்முறை விலக்கை நீக்கவோ குறுக்கவோ சொல்லுங்கள், அல்லது தொழில்முறைப் பாலிசியில் உடல் காயத்தையும் பொருள் சேதத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே கம்பெனியிடம் எடுங்கள். இரண்டு கம்பெனி என்றால் க்ளைம் (உங்களிடம் நஷ்ட ஈடு கேட்கும் கோரிக்கை) வரும் நாளில் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் தவறால் லைன் நின்றுவிட்டது. எதுவும் உடையவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உற்பத்தி இழப்பை எது ஏற்கும்?

வாடிக்கையாளர் கோபமாக அனுப்பும் கடிதம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான் இருக்கும், விபத்தைப் பற்றி அல்ல. பொதுப் பொறுப்புப் பாலிசியில் ஏதாவது பௌதிகமாகச் சேதமாகி, அதனால் லைன் நின்றிருந்தால், அந்த நின்ற இழப்பும் பொதுவாகச் சேர்ந்து வரும். எதுவுமே சேதமாகாமல், உங்கள் வேலை சரியில்லாததால் மட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்த முடியாமல் போனால் வராது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் பொதுப் பொறுப்புப் பாலிசிப் படிவத்தில் இதற்கென்றே தனி விலக்கு உண்டு. உங்கள் குறைபாடான வேலையால் பயன் இழந்த, ஆனால் சேதமடையாத சொத்து அந்த விலக்கில் போய்விடும். அதற்குள்ளேயே ஒரு சலுகையும் உண்டு: பயன்பாட்டுக்கு வந்த பிறகு உங்கள் பேனல் திடீரென்று எரிந்துபோவது போன்ற எதிர்பாராத பௌதிகச் சேதத்தால் அந்த இழப்பு வந்தால் விலக்கு பொருந்தாது.

ஆக, வெறும் உற்பத்தி இழப்புக்குத் தொழில்முறைப் பொறுப்புப் பாலிசிதான் கதி. அதிலும் "பயன்பாட்டு இழப்பு", "தொடர் இழப்பு" என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். அவை ஏற்கும் பக்கத்தில் இருக்கின்றனவா, விலக்கும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தவறாக எழுதிய புரோகிராமைத் திருத்தும் செலவைத் தருவார்களா?

மாட்டார்கள். உங்கள் வேலையை நீங்களே திருத்திக் கொடுப்பது உங்கள் கணக்கு. அந்த வேலையால் அடுத்தவருக்கு நேர்ந்த நஷ்டம்தான் பாலிசியின் கணக்கு. சில தொழில்முறைப் பாலிசிகளில், பெரிய க்ளைம் வருவதைத் தடுக்க முன்கூட்டியே திருத்தும் செலவை, காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதியோடு, ஏற்கும் பிரிவு ஒன்று இருக்கும். இருந்தால் நல்லது.

பாதுகாப்பு இன்டர்லாக் (ஆபத்தான நிலையில் இயந்திரத்தை ஓடவிடாத தடை), அவசர நிறுத்தம் சம்பந்தமான வேலைகளுக்குத் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான ஐஇசி 61508, செயல்முறை ஆலைகளுக்கான ஐஇசி 61511 ஆகிய தரநிலைகளின் கீழ் வரும் வேலை, எஸ்ஐஎல் (பாதுகாப்பு நம்பகத்தன்மையின் படிநிலை) 1 முதல் 4 வரை மதிப்பிடப்படும் பாதுகாப்பு அமைப்புகள், இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 13849 படி செய்யும் சர்க்யூட்கள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். பிரீமியம் ஏறலாம். மறைத்துவிட்டு எடுத்த பாலிசி, க்ளைம் நாளில் ரத்தாகலாம்.

இந்தத் தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு பன்ஸ்ஃபீல்ட் நினைவுக்கு வரும். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் அந்த எண்ணெய்ச் சேமிப்பு நிலையத்தில் ஒரு பெட்ரோல் தொட்டியின் லெவல் அளவி ஒரே இடத்தில் சிக்கி நின்றுவிட்டது. தொட்டி நிரம்பிக்கொண்டே போனது. அதைத் தடுத்திருக்க வேண்டிய தனி உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. சோதனை லீவரைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் ஒரு பூட்டு அதில் மாட்டப்படவில்லை. பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள், யாரும் இறக்கவில்லை. 2010இல் தீர்ப்பு வந்தபோது நிலையத்தை நடத்தியவர்கள் மட்டும் தண்டிக்கப்படவில்லை. அந்த சுவிட்சை வடிவமைத்துச் செய்த நிறுவனமும், அதை அங்கே பொருத்திய கட்டுப்பாட்டு ஒப்பந்த நிறுவனமும் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டன.

ஒரு சுவிட்ச், ஒரு பூட்டு. அதன் பயன் என்ன என்று பொருத்துபவருக்குப் புரியும்படி தகவல் கைமாறவில்லை. நாம் தினமும் செய்யும் வேலையின் அளவுதான் இது. இன்னொன்றையும் கவனியுங்கள்: குற்றவியல் நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தைப் பொதுவாக எந்தப் பாலிசியும் கட்டாது. வழக்கை எதிர்கொள்ளும் வக்கீல் செலவைச் சில பாலிசிகள் ஏற்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ரோபோ செல் அமைத்துத் தருகிறேன். ரோபோவைச் செய்த கம்பெனிதானே பொறுப்பு?

வெறும் ரோபோ என்பது முழுமையான இயந்திரம் அல்ல. கிரிப்பர், வேலி, ஒளித்திரை, கன்வேயர் எல்லாம் சேர்த்து அதை ஒரு செல்லாக ஆக்குபவர் நீங்கள். அதனால்தான் ஐஎஸ்ஓ 10218 தரநிலையின் முதல் பகுதி ரோபோவுக்கும் இரண்டாம் பகுதி அதை ஒருங்கிணைப்பவருக்கும் என்று பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி ஒருங்கிணைத்து முழு இயந்திரமாக ஒப்படைப்பவரே சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர் ஆகிவிடலாம். அங்கே 2023/1230 என்ற புதிய இயந்திர ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வருகிறது. மென்பொருளையும் பொருளாகக் கருதும் புதிய பொருள் பொறுப்புச் சட்டம் 2026 டிசம்பர் 9க்குப் பிறகு சந்தைக்கு வருபவற்றுக்குப் பொருந்தும். பொருள் பொறுப்பில் உங்கள் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, பொருளில் குறை இருந்தது, அதனால்தான் நஷ்டம் வந்தது என்று காட்டினால் போதும்.

பேனல் கட்டுபவருக்கும் செல் அமைப்பவருக்கும் "ஒப்படைத்த வேலை மற்றும் பொருள்" பொறுப்பு என்ற பகுதி பாலிசியில் கட்டாயம் வேண்டும். ஆலையில் நிற்கும்போது நேரும் விபத்துக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு, ஒப்படைத்த பிறகு நடப்பதை விட்டுவிட்டவர்கள் உண்டு.

"க்ளைம் வரும் காலத்துப் பாலிசி" என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

பொதுப் பொறுப்புப் பாலிசி பெரும்பாலும் சம்பவம் நடந்த நாளைப் பார்க்கும். அன்று பாலிசி உயிரோடு இருந்தால் போதும், க்ளைம் எப்போது வந்தாலும் அந்தப் பாலிசி பதில் சொல்லும். தொழில்முறைப் பொறுப்புப் பாலிசி அப்படி அல்ல. க்ளைம் உங்கள் கைக்கு வந்த நாளில் எந்தப் பாலிசி நடப்பில் இருக்கிறதோ அதுதான் பதில் சொல்லும்.

நீங்கள் 2021இல் எழுதிய புரோகிராமில் ஒரு பிழை. 2024இல் ஆலை நின்றது. 2025இல் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதில் சொல்ல வேண்டியது 2025ஆம் ஆண்டுப் பாலிசி. ஆனால் அந்தப் பாலிசியில் "பின்னோக்குத் தேதி" என்று ஒன்று அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்கு முன் செய்த வேலைக்குப் பாலிசி பொருந்தாது. அது 2020 என்றிருந்தால் தப்பித்தீர்கள். 2023இல் பிரீமியம் குறைவு என்று வேறு கம்பெனிக்கு மாறி, அவர்கள் புதிதாக 2023 என்று தேதி போட்டிருந்தால், 2021 வேலைக்கு உங்களுக்குப் பாலிசியே இல்லை.

கம்பெனி மாறலாம், தவறில்லை. பழைய பின்னோக்குத் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லி, புதிய பாலிசியில் அது அச்சாகி வந்த பிறகுதான் பழையதை விட வேண்டும். நடுவில் வேலை இல்லாத ஆறு மாதம் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பாலிசியை நிறுத்துவதும் இதே ஆபத்துதான். வேலை நின்றாலும் பழைய வேலையின் மேல் க்ளைம் வருவது நிற்காது.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

ஒரு எண்ணைச் சொல்ல முடியாது, யோசிக்கும் வழியைச் சொல்லலாம். உங்கள் வருமானத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் தொடும் ஆலைகளிலேயே பெரியது ஒரு மணி நேரம் நின்றால் என்ன நஷ்டம் என்று அவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் அவர்களிடம் அந்த எண் இருக்கும். மாற்று டிரைவோ கார்டோ வர எத்தனை நாள் ஆகும் என்று பார்த்து, அதை மணிக்கணக்காக்கி அதோடு பெருக்குங்கள். கிடைப்பது ஒரு தொடக்கப் புள்ளி.

பிறகு மூன்றைக் கவனியுங்கள். உச்சவரம்பு ஒவ்வொரு க்ளைமுக்கா, ஆண்டு முழுவதற்கும் சேர்த்தா? வக்கீல் செலவு அந்த வரம்புக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால், இரண்டு வருட வழக்கு நஷ்ட ஈட்டுக்கான பணத்தையே கரைத்துவிடும். முதலில் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அது வக்கீல் செலவுக்கும் உண்டா? குடைப் பாலிசி எனப்படும் கூடுதல் பாலிசி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் பொதுப் பொறுப்பின் மேல் உட்காரும், தொழில்முறைப் பொறுப்பின் மேல் அல்ல.

வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

காப்பீட்டைவிட இது முக்கியம் என்பேன். பாலிசி ஏற்காத பொறுப்பை ஒரு கையெழுத்தில் உங்கள் தலையில் ஏற்றிவிட முடியும்.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரு திறமையான பொறியாளரின் நியாயமான கவனம். தொழில்முறைப் பாலிசியும் அந்த அளவுக்குத்தான் துணை நிற்கும். ஒப்பந்தத்தில் "நோக்கத்துக்கு முழுமையாகப் பொருந்தும் என உத்தரவாதம் தருகிறேன்", "பிழையே இல்லாமல் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால், கவனமாக வேலை செய்திருந்தும் நீங்கள் பொறுப்பாவீர்கள். அந்தக் கூடுதல் பொறுப்புக்குப் பாலிசி கிடையாது. தாமதத்துக்கு நாள் கணக்கில் கட்டும் தண்டத் தொகையும் அப்படியே. "யாருடைய தவறாக இருந்தாலும் எங்களுக்கு வரும் எல்லா நஷ்டத்தையும் ஈடு செய்வேன்" என்ற வரியை அடித்துவிட்டு, "என் அலட்சியத்தால் நேர்ந்த அளவுக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தப் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள். அது பாலிசித் தொகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உற்பத்தி இழப்பு, லாப இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரியையும் கேளுங்கள். பெரிய ஆலைகள் எளிதில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனாலும் கேட்டால் பாதியாவது கிடைக்கும், கேட்காவிட்டால் ஒன்றுமே கிடைக்காது.

வாடிக்கையாளர் தன்னையும் உங்கள் பாலிசியில் கூடுதல் காப்பீடு பெற்றவராகச் சேர்க்கச் சொல்லலாம். பொதுப் பொறுப்பில் அது வழக்கமானது. தொழில்முறைப் பாலிசியில் பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள், சேர்ப்பதும் நல்லதல்ல. ஏனென்றால் ஒரே பாலிசியில் இருக்கும் இருவர் ஒருவர் மேல் ஒருவர் போடும் வழக்கைப் பல பாலிசிகள் விலக்கும். அப்புறம், ஆலை வாசலில் காட்டும் காப்பீட்டுச் சான்றிதழ் என்பது பாலிசி அல்ல. அதில் எழுதியிருப்பதால் மட்டும் எந்த உரிமையும் வந்துவிடாது.

வீட்டிலிருந்தே ரிமோட்டில் ஆலைக்குள் போய் மாற்றம் செய்கிறேன். ஏதாவது பிரச்சினை உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று, கண்ணால் பார்க்காமல் இயந்திரத்தை நகர்த்துவது. டவுன்லோட் அழுத்தும் நேரத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார், போனில் யார் இருக்கிறார், யார் அனுமதி கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். அந்த ஒரு வரி பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது, உங்கள் லேப்டாப் வழியாக யாராவது உள்ளே போவது. கட்டுப்பாட்டு அமைப்பையே குறிவைக்கும் தீங்கு நிரல்கள் உண்டு என்பது 2010இல் ஸ்டக்ஸ்நெட் வெளிப்பட்டபோதே தெரிந்துவிட்டது. 2017இல் டிரைட்டன் என்ற இன்னொரு நிரல் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கன்ட்ரோலரையே தொட்டது. காப்பீட்டு உலகம் இதற்கு விலக்குகளால் பதில் சொன்னது. 2003இல் லண்டனில் எழுதப்பட்ட சிஎல் 380 என்ற பிரிவு, கணினியைத் தீங்கு செய்யும் கருவியாகப் பயன்படுத்தியதால் வரும் இழப்பை விலக்குகிறது. இன்றும் பல பாலிசிகளில் அதைப் பார்க்கலாம். அரசுகளின் ஆதரவோடு நடக்கும் சைபர் தாக்குதலைத் தனியே விலக்க வேண்டும் என்று லண்டனின் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை 2023 மார்ச் 31 முதல் தன் சைபர் பாலிசிகளுக்கு விதி வைத்தது. எனவே சைபர் பாலிசி எடுத்தாலும், அது தகவல் திருட்டுக்கு மட்டுமா, அல்லது தாக்குதலால் இயந்திரம் சேதமானாலும் ஆள் காயப்பட்டாலும் பொருந்துமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலாவதுதான்.

ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறேன். அவர்கள் பாலிசி என்னையும் காக்கும்தானே?

அவர்கள் பாலிசி முதலில் அவர்களைக் காக்கும். உங்கள் பெயர் அல்லது "சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்" என்ற சொல் காப்பீடு பெற்றவர் என்ற வரையறைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் நஷ்ட ஈட்டைக் கட்டிவிட்டு அதே தொகையை உங்களிடம் கேட்டு வரலாம். நீங்கள் வேலையைப் பிரித்து வேறொருவருக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். அவரிடம் பாலிசி இருக்கிறதா என்று பார்த்து நகலை வாங்கி வையுங்கள்.

கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டேன். இனி என் சொந்தச் சொத்துக்கு ஆபத்து இல்லைதானே?

கம்பெனியின் கடன் உங்கள் தலையில் வராமல் அது தடுக்கும். ஆனால் தவறு செய்த கை உங்களுடையதாக இருந்தால், பல நாட்டுச் சட்டங்களில் உங்கள் மேலேயே நேரடியாக வழக்குப் போட முடியும். ஒரே ஆள் நடத்தும் கம்பெனியில் அந்தக் கை யாருடையது என்பதில் சந்தேகமே இருக்காது.

நண்பருக்காகக் காசு வாங்காமல் ஒரு திருத்தம் செய்தேன். அதற்கும் பொறுப்பா?

பொறுப்பு உண்டு, பாலிசி இல்லாமல் போகலாம். "கட்டணம் பெற்றுச் செய்யும் சேவை" என்றே பல பாலிசிகள் எழுதுகின்றன. உதவி செய்வதானால் சிறு தொகைக்காவது ஒரு பில் போட்டுச் செய்யுங்கள்.

ஏதோ நடந்துவிட்டது, போன் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆட்களைப் பாருங்கள். இயந்திரம் பாதுகாப்பான நிலையில் நிற்கட்டும். அடுத்து, கை துறுதுறுக்கும், "ஒரு நிமிடம், உள்ளே போய்ச் சரி செய்துவிடுகிறேன்" என்று தோன்றும். செய்யாதீர்கள். கன்ட்ரோலரில் அந்த நொடியில் இருக்கும் புரோகிராமை, மாறிகளின் மதிப்புகளோடு, முதலில் லேப்டாப்புக்கு அப்லோட் செய்து தேதியோடு சேமியுங்கள். அலாரம் பதிவு, டிரெண்ட் (அளவுகளின் நேரவாரி வரைபடம்), ஃபோர்ஸ் போட்டிருந்த (கையால் கட்டாயமாக ஆன் அல்லது ஆஃப் செய்து வைத்திருந்த) பிட்களின் பட்டியல் எல்லாவற்றையும் எடுங்கள். ஆலையின் அளவுகளைச் சேமித்து வைக்கும் ஹிஸ்டோரியன் பழையதன் மேல் எழுதத் தொடங்குவதற்கு முன் இது நடக்க வேண்டும். திருத்தம் அதற்குப் பிறகுதான். முதலில் திருத்திவிட்டால் நீங்கள் தவறு செய்யவில்லை என்று காட்டும் ஆதாரமும் போய்விடும், ஆதாரத்தை அழித்தார் என்ற பழியும் வரும்.

"என் தவறுதான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லாதீர்கள், மெயிலில் எழுதவும் வேண்டாம். நேர்மையாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள், யார் பொறுப்பு என்ற முடிவை மட்டும் விட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அவர்கள் விலகிக்கொள்ள பாலிசியிலேயே இடமுண்டு.

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "க்ளைமாக மாறக்கூடிய சூழ்நிலை" என்று முன்கூட்டியே தெரிவித்தால், நோட்டீஸ் இரண்டு வருடம் கழித்து வந்தாலும் இன்றைய பாலிசியிலேயே அது பதிவாகும். தெரிந்தும் சொல்லாமல் புதுப்பித்தால் பழைய பாலிசியும் கைவிடும், புதியதும் கைவிடும்.

தினசரி வேலையில் எந்தப் பதிவுகள் பிற்பாடு உதவும்?

வேலைக்கு முன் எடுத்த பேக்கப், பின் எடுத்த பேக்கப், இரண்டுக்கும் இடையே மாறியது என்ன என்ற குறிப்பு. இன்டர்லாக்கை பைபாஸ் செய்யச் சொன்னவரின் எழுத்து. வாய்மொழியாகச் சொன்னால், "நீங்கள் சொன்னபடி செய்தேன், மாலைக்குள் எடுக்க வேண்டும்" என்று நீங்களே ஒரு மெயில் போடுங்கள். ஒவ்வொரு இன்டர்லாக்கையும் சோதித்து ஆலைக்காரர் கையெழுத்திட்ட ஏற்புச் சோதனைத் தாள். ஒப்படைத்த நாளில் கன்ட்ரோலரில் இருந்த கடைசிப் பிரதி மிக முக்கியம். நீங்கள் கிளம்பிய பிறகு பராமரிப்பு ஆட்கள் லாஜிக்கை மாற்றுவது சர்வ சாதாரணம். அதைக் காட்ட அந்தப் பிரதியை விட்டால் வேறு வழியில்லை.

வெளிநாட்டு ஆலைக்குப் போகிறேன்.

பாலிசியில் இரண்டு தனி வரிகளைப் பாருங்கள்: எந்த நாட்டில் செய்யும் வேலை, எந்த நாட்டு நீதிமன்றத்தில் வரும் வழக்கு. "உலகம் முழுவதும், அமெரிக்காவும் கனடாவும் நீங்கலாக" என்பது சாதாரணமாகக் காணப்படும் வரி. நீங்கள் அங்கே போகாவிட்டாலும், நீங்கள் கட்டிய பேனல் ஒரு இயந்திரத்தோடு சேர்ந்து அங்கே போகலாம். இயந்திரம் எங்கே விற்கப்படுகிறது என்று அதைச் செய்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

தொழிலை விட்டுவிட்டு வேலைக்குச் சேரப்போகிறேன். பாலிசியை நிறுத்திவிடலாமா?

பொதுப் பொறுப்பைப் பொறுத்தவரை, நீங்கள் ஒப்படைத்த பேனலும் செல்லும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, சம்பவம் நாளைகூட நடக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஒப்படைத்த வேலைக்கான பகுதியை மட்டும் தொடர வழி உண்டா என்று கேளுங்கள். தொழில்முறைப் பொறுப்பில், நின்ற பிறகு வரும் க்ளைம்களுக்காக நீட்டிப்புக் காலம் வாங்க முடியும். நீங்கள் வேலை செய்த நாட்டில் வழக்குத் தொடுக்க எத்தனை ஆண்டு அவகாசம் என்று வக்கீலிடம் கேட்டு, அதற்கு ஏற்ற காலத்துக்கு வாங்குங்கள். பாலிசி முடிந்த பிறகு அதைக் கேட்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவாக இருக்கும். அதனால் கடைசிப் பாலிசி முடிவதற்கு முன்பே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழைய பேக்கப்புகள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் அந்தக் காலம் முடியும்வரை தூக்கிப் போட வேண்டாம்.